விருந்தாளி வளையம்

அந்த வளையத்தை என் கையில் மாட்டிவிட்டவள் ஒரு தமிழச்சி. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு வெள்ளைக்காரி மாட்டியிருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன்.

நோர்டாலியா விமான நிலையத்தில் குடிவரவு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் துவாரகா என்று பெயர். அவளுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அந்த நாட்டுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்க வேண்டும். பேச்சில் இன்னும் அந்த ஊர் இருந்தது, முகத்தில் இல்லை.

"என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"தங்கச்சிக்குப் பிள்ள பெறந்திருக்கு. பாக்க வந்தேன்."

"பாக்கவோ, பாத்துக்கொள்ளவோ?"

நான் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஐந்நூறு பிள்ளைகளை ஒரே சத்தத்தில் வரிசையில் நிறுத்துகிறவள். என்னிடம் யாரும் இந்த மாதிரிக் கேள்வி கேட்பதில்லை.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன்.

"கனக்க இருக்கு. பாக்க வந்தால் விருந்தாளி. பாத்துக்கொள்ள வந்தால் வேலைக்காரி. உங்களிட்ட இருக்கிறது சுற்றுலா விசா. கையைத் தாங்கோ."

ரப்பர் மாதிரி ஒன்றை மணிக்கட்டில் சுற்றினாள். அது தோலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிர்ந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

"இழுக்காதேங்கோ. நீங்கள் ஆறு மாசம் நிக்கலாம். ஆனால் வேலை செய்யச் செய்ய அது குறையும். சமையல், துவையல், பிள்ளை பராமரிப்பு, எல்லாத்துக்கும் இங்க சம்பளத்துக்கு ஆக்கள் இருக்கினம். விசிட் எண்டு சொல்லி அம்மாமாரையும் அக்காமாரையும் கூட்டிவந்து சும்மா செய்விச்சு, அவையின்ர வயித்தில அடிச்சது எங்கட சனம்தான். அதாலதான் இந்த வளையம். நாள் குறையக் குறைய மஞ்சளாகும். முடிஞ்சால் சிவப்பு."

"செவந்தா என்ன செய்வீங்க?"

"அதுக்குப் பிறகு நீங்கள் விசா முடிஞ்சும் ஒளிச்சு நிக்கிற ஆள். ஒரு கதவும் திறக்காது. பஸ் ஏத்தாது. உங்களைக் கூப்பிட்ட வீட்டுக்காரரின்ர வதிவிட அனுமதியும் அண்டைக்கே ரத்து. எல்லாரையும் ஒரே பிளேனில ஏத்தி விடுவம். விளங்குதோ?"

"சொந்தத் தங்கச்சி பிள்ளைக்குக் குண்டி கழுவிவிட்டா அது வேலையா?"

"கழுவாதேங்கோ," என்றாள். "அருவி இருக்கு, மியூசியம் இருக்கு. போய்ப் பாருங்கோ. அடுத்த ஆள்!"

வெளியே அஜின் காத்துக்கொண்டு நின்றான். தங்கச்சி டெல்பினின் புருஷன். துறைமுகத்துக் குளிர்கிடங்கில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. நல்ல பையன்தான், ஆனால் அந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் பயம். காரில் ஏறியதும் முதல் வேலையாக என் வளையத்தைப் பார்த்தான்.

"மைனி, ஒங்கக் காலைத் தொட்டுக் கேக்கேன். வீட்டுல ஒண்ணுஞ் செய்யாதீங்க. நீங்க சும்மா பக்கத்துல இருந்தாலே அவளுக்குத் தெம்பு."

"சும்மா இருக்கதுக்கா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு இம்புட்டு தூரம் வந்தேன்?"

"நெரந்தரக் குடியுரிமைக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் கெடக்கு மைனி. இதுல மண்ணப் போட்டுராதீங்க."

சரி சரி என்றேன். உண்மையிலேயே சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், வீட்டுக்குள் போகிற வரைக்கும்.

எங்கள் ஊரில் பேறுகால வீட்டுக்குப் போகிற எவளும் நாற்காலியில் உட்கார மாட்டாள். செருப்பைக் கழற்றியதும் நேரே அடுக்களைக்குத்தான் போவாள். கிடக்கிற பாத்திரத்தைக் கழுவி, ஒரு வாய் வெந்நீர் வைத்துப் பெற்றவளுக்குக் கொடுத்த பிறகுதான் பிள்ளையையே பார்ப்பாள். உட்கார்ந்துவிட்டாள் என்றால் சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

அந்த வீட்டுத் தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது. தொட்டிலில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. டெல்பின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வந்ததற்குக்கூடத் திரும்பவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். வளையத்தை நான் மறந்தே போனேன்.

டெல்பின் எனக்குத் தங்கச்சி மட்டும் இல்லை. எங்கள் அம்மை போனபோது அவள் ஆறாம் வகுப்பு. தலை பின்னி, டிபன் கட்டி, அடித்து, வேளாங்கண்ணிக்கு நேர்ந்து, படிக்க வைத்தவள் நான். வாயாடி. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள். அவளா இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்!

அவளுக்கு வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்திருந்தார்கள். புண் ஆறிக்கொண்டு வந்தது. மற்றது எதுவும் ஆறவில்லை. சாப்பிட மாட்டாள், பிள்ளையைத் தூக்க மாட்டாள். பால் கட்டினால் எந்திரத்தை வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சத்தமே இல்லாமல் கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

"என்னட்டி செய்யுது?" என்று ஒருநாள் உலுக்கிக் கேட்டேன்.

"ஒண்ணுஞ் செய்யல்லக்கா. அதுதான் பயமா இருக்கு. பிள்ளையப் பாத்தா ஒண்ணுமே தோணல்ல. யாரோட பிள்ளையோ மாதிரி இருக்கு. நான் இல்லாட்டி ஒங்க எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும்."

அஜினைத் தனியாகக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றேன்.

"கொண்டு போனா ரெக்கார்டுல ஏறும் மைனி. மனசு சரியில்லாதவன்னு எழுதிட்டா பெர்மிட் புதுப்பிக்க மாட்டானுவ. ஒரு மாசம் போனா தானா சரியாயிரும். எங்கம்மைக்கும் இப்டித்தான் இருந்துதாம்."

"ஒங்கம்மைக்குப் பக்கத்துல பத்து பேரு இருந்தாங்களே!"

ஆக, இருந்தது நான் ஒருத்திதான். அவன் கிடங்குக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் டெல்பினைத் தனியாக விடக் கூடாது, அது எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. அவள் தேறுகிறவரைக்கும் நான் அங்கே இருந்தாக வேண்டும், என்ன ஆனாலும் சரி.

எல்லாம் செய்தேன். பெற்றவளுக்குக் கொடுக்கக் கொண்டுபோயிருந்த காய மருந்தைக் கிண்டினேன். பூண்டுக் குழம்பு வைத்ததில் புகை எச்சரிக்கை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரன் வந்து முறைத்துவிட்டுப் போனான். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டினேன். ராத்திரி டெல்பின் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டேன். வளையம் விளிம்பில் மஞ்சள் கட்ட ஆரம்பித்தது. அஜின் மடமடவென்று ஒரு தானியங்கிப் பாத்திரம் கழுவியை வாங்கிப்போட்டான். அடுத்து துணி மடிக்கிற எந்திரம். நான் வீட்டு வேலையைப் பாதியாகக் குறைத்தேன். அப்படியும் மஞ்சள் ஏறிக்கொண்டேதான் போனது.

ஒருநாள் துவாரகா வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றவில்லை. நின்றபடியே என் கையைப் பிடித்து வளையத்தைப் பார்த்தாள்.

"வந்து கொஞ்ச நாளிலயே பாதிக்கு மேல முடிச்சிட்டியள்."

"பாத்திரம்கூட எந்திரந்தான் கழுவுது. நான் என்ன வேல செய்யுதேன்? ஒங்க வளையத்துக்குக் கிறுக்கு."

"வளையம் கை என்ன செய்யுது எண்டு பாக்கிறேல்ல அக்கா. உடம்பு என்னத்துக்காகச் செய்யுது எண்டு பாக்கும். வேர்வை, நாடி, தசை எல்லாம் அதுக்குக் கதை சொல்லும். பிள்ளையை ஆசைக்குத் தூக்கினால் அது விருந்தாளி. ஐயோ, தூக்காட்டில் என்ன ஆகுமோ எண்டு தூக்கினால் அது வேலை. முந்தி அசைவை மட்டும்தான் எண்ணினவை. ஆக்கள் ஏமாத்திப்போட்டினம். இதை ஏமாத்தேலாது."

"படுத்துக் கெடந்தாலும் மஞ்சளாகுதே?"

"நித்திரையில ஒரு காதைத் திறந்து வச்சுக்கொண்டு படுக்கிறியள். அது காவல் வேலை. இங்க அதுக்கும் ஆக்கள் இருக்கினம்."

"அந்த ஆளுங்கள அனுப்பு. நான் நாளைக்கே ஊருக்குப் போறேன்."

"பதிஞ்சு வச்சால் அடுத்த கோடைக்குள்ள வருவினம்," என்றாள் முகத்தை மாற்றாமல். "வேணுமெண்டால் ஊர் சுத்திப் பாருங்கோ. கவலை இல்லாமல் சந்தோசமாத் திரிஞ்சால் போன நாள் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி ஏறும்."

டெல்பின் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். துவாரகா அவளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் கால் வைக்கும்போது பிள்ளை சிணுங்கியதற்கு மட்டும் அரை நிமிஷம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஜின் வீட்டில் இருந்து டெல்பினைப் பார்த்துக்கொள்ள, நான் அருவி பார்க்கப் போனேன். வாழ்க்கையில் இப்படி ஒரு சுற்றுலா யாருக்கும் வாய்க்கக் கூடாது. பெரிய அருவிதான். எங்கள் திற்பரப்பில் கால் நனைக்கலாம், இங்கே கம்பிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். சுற்றிலும் சீனாக்காரர்கள் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டெல்பின் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், அஜின் போனைப் பார்த்துக்கொண்டு அவளைக் கவனிக்காமல் விட்டுவிடுவானோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது வளையம் போனபோது இருந்ததைவிட மஞ்சளாக இருந்தது.

அஜின் அதைப் பார்த்ததும் கையிலிருந்த டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தான்.

"அருவியப் பாக்கதுக்குமா மைனி ஒங்களுக்குத் தெரியாது? எங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டுத்தான் போவீங்களா? நீங்க வந்து அவ தேறவும் இல்ல, இருக்கது போகப்போவுது. பேசாம டிக்கெட் போட்டுருதேன், கெளம்புங்க!"

"நான் போனா இவள யாருலே பாப்பா?"

"நான் பாப்பேன்!"

"நீ பாத்த லெச்சணத்தத்தான் பாத்தனே!"

டெல்பின் காதைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகள் ஓடுவதற்கு முன்னால் பதறிச் சாவார்கள். கை நடுங்கும், வாந்தி எடுப்பார்கள். நான் அவர்களைப் புல்லில் மல்லாக்கப் படுக்கப்போட்டு, கால் விரலிலிருந்து ஒவ்வொரு தசையாகத் தளர்த்தச் சொல்லி, மூச்சை இழுத்து இழுத்து விடச் சொல்லுவேன். யார் ஜெயித்தால் எனக்கென்ன, யார் தோற்றால் எனக்கென்ன என்று மனசுக்குள் சொல்லச் சொல்லுவேன். பத்து நாள் பழகினால் போதும், நாடி அடங்கிவிடும். அதை எனக்கே செய்துகொண்டால் என்ன?

செய்தேன். காலையிலும் சாயங்காலமும் தரையில் மல்லாக்கப் படுத்துப் பழகினேன். பிள்ளை அழுதால் முதலில் மூச்சு, பிறகுதான் எழுந்திருப்பது. டெல்பின் தட்டைத் தள்ளிவிட்டால், சாப்பிட்டால் எனக்கென்ன, சாப்பிடாவிட்டால் எனக்கென்ன. தட்டை எடுத்துக் கழுவ வைப்பேன். முதல் சில நாள் நெஞ்சுக்குள் எரிந்தது. அப்புறம் அது நின்றுவிட்டது. பிள்ளையின் அழுகை ரோட்டில் போகிற பஸ் ஹாரன் மாதிரி காதில் விழுந்தது. எழுந்து போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தேன், ஒரு குறையும் வைக்கவில்லை. ராத்திரி இரண்டு காதையும் மூடிக்கொண்டு தூங்கினேன்.

வளையம் மஞ்சளில் நின்றது. பிறகு மஞ்சள் இறங்கியது. ஒரு வாரத்தில் சுத்தப் பச்சை.

அஜினுக்குத் தலைகால் புரியவில்லை. கேக் வாங்கிக்கொண்டு வந்தான். "மைனி, நீங்க சாதாரண ஆளு இல்ல. இந்த நாட்டுக்காரனையே ஏமாத்திட்டீங்களே!" என்றான். எனக்கும் பெருமைதான். டெல்பினுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தோம். அவள் கேக்கைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவதைக்கூட நிறுத்தியிருந்தாள். தேறிவிட்டாள் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் குளித்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. தொட்டிலும் காலி.

மற்ற நாளாக இருந்தால் வீடே இரண்டாகியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைத் துவட்டினேன். கோட்டை மாட்டிப் பித்தான் போட்டேன். லிப்டில் இறங்கும்போதுதான் எனக்கே உறைத்தது. என் நெஞ்சு அடித்துக்கொள்ளவே இல்லை. ஓடு என்று காலுக்குச் சொல்கிறேன், அது நடக்கிறது. எனக்குள் யாரோ ஒருத்தி, எனக்கென்ன, எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் கடல் ஓடை. படகு கட்டுகிற கல்படி தண்ணீருக்குள் இறங்கும். கடைசிப் படியில் டெல்பின் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால் இரண்டும் தண்ணீருக்குள். மடியில் பிள்ளை, ஒரு துண்டில் சுற்றி. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்ட குளிர் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், விழுந்தால் கத்தக்கூட நேரம் கிடைக்காது. அவள் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

இரண்டு படிக்கு மேலே நின்று, "வா, வீட்டுக்குப் போவோம்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பேங்கில் டோக்கன் கூப்பிடுகிறவள் குரல்.

அவள் திரும்பாமலே, "கையக் காட்டு," என்றாள்.

கையை நீட்டினேன்.

"பச்ச," என்றாள்.

"நல்லதுதானட்டி? நான் இருக்கலாமே."

"நீ வந்த புதுசுல மஞ்சளா கெடந்துது. நான் தூங்கல்லன்னு நெனச்சியா? தூங்குற மாதிரி கெடந்து தரையப் பாப்பேன். இருட்டுல ஒங்கை மட்டும் மஞ்சளா தெரியும். எனக்காவ ஒருத்தி தூக்கத்துலகூடப் பதறி வெப்ராளப்பட்டுக்கிட்டுக் கெடக்கான்னு இருக்கும். அதப் பாத்துக்கிட்டேதான் ஒவ்வொரு ராத்திரியும் கழிச்சேன். பெறவு ஒரு நாளு பாத்தா பச்ச. ஓ, அக்காவுக்கும் போதும்னு ஆயிட்டுன்னு நெனச்சேன். அஜின் கேக்கு வாங்கிட்டு வந்தாரு."

"ஏட்டி, அது இங்க இருக்கதுக்கு நான் பழகின பழக்கம். மூச்சு..."

"தெரியும். ஆனா வளையம் பொய் சொல்லாதுல்லா?"

பயப்படு, பயப்படுடி என்று எனக்கு நானே சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு அசைவு போதும், பதறு. ஒன்றும் வரவில்லை. பச்சை அப்படியே இருந்தது. நான் அத்தனை நன்றாகப் பழகியிருந்தேன்.

டெல்பின் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் நீட்டினாள். "இவள நீ ஊருக்குக் கொண்டுபோ அக்கா. நீ நல்லா வளப்ப."

நீட்டிய பிள்ளையைப் பார்த்தேன். தலையில் தொப்பி இல்லை. அந்தக் குளிரில், கடற்காற்றில், இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளைக்குத் தலையில் தொப்பி இல்லை. உச்சி துடிப்பது தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, வந்தது.

"தொப்பி எங்கட்டி?" என்றேன்.

"என்ன?"

"பிள்ளைக்குத் தொப்பி எங்கட்டி மூதேவி! இந்தக் குளுருல வெறுந்தலையோட தூக்கிட்டு வந்திருக்கியே, ஒனக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு, களிமண்ணா? கால எடு! எடுட்டி காலத் தண்ணிக்குள்ள இருந்து! வயித்துல புண்ணு காயல்ல, இங்க வந்து நட்டு வச்ச மாதிரி இருக்கா! சோறு வச்சா திங்க மாட்டா, கேட்டா வாயத் தொறக்க மாட்டா, நான் நல்லா வளப்பனாம்! ஒன்ன வளத்த அழகு போதாதாக்கும் எனக்கு? இன்னொண்ண வளக்கணுமாக்கும்? சவமே, ஒனக்குப் பேன் பாத்துப் பாத்து எங்கண்ணு போச்சு! பதினெட்டு வயசு வரைக்கும் முட்டைல மஞ்சக்கருவப் பொறுக்கி எனக்குத் தருவியே, அதத் தின்னு தின்னு எனக்குக் கொலஸ்ட்ராலு! நீ பாட்டுக்குப் போயிட்டா நான் யாரட்டி திட்டுவேன்? சொல்லு! இந்த ஒலகத்துல வேற யாரு இருக்கா நான் திட்டதுக்கு?"

ஓடைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். தொண்டை கிழிந்தது. நெஞ்சு திம்திம் என்று அடித்தது. எப்போது இரண்டு படி இறங்கினேன், எப்போது அவள் தோளைப் பிடித்தேன் என்று தெரியாது. அவளையும் பிள்ளையையும் சேர்த்து இழுத்து மேல் படியில் போட்டேன். முதுகில் ஒன்று வைத்தேன், நன்றாகவே வைத்தேன். பிள்ளை வீறிட்டது. நானும் ஓவென்று அழுதேன்.

"அக்கா," என்றாள் டெல்பின்.

"என்னட்டி!"

"மஞ்சளாச்சு."

பார்த்தேன். மஞ்சள் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டியாகி, செம்மஞ்சளாகி, சிவந்தது. வளையத்திலிருந்து ஒரு பெண் குரல் நல்ல தமிழில், "விருந்தாளியே, தங்கள் வருகைக்கு நன்றி. தங்கள் காலம் நிறைவடைந்தது," என்றது.

டெல்பின் என் சிவந்த கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கிக் குலுங்கி ஆடியது. வந்த நாளிலிருந்து அவள் சத்தமாக அழுது நான் கேட்டதே இல்லை. இப்போது ஊர் கேட்க அழுதாள். அழு மக்கா, நல்லா அழு என்று முதுகைத் தடவினேன், நான் அடித்த இடத்தையே.

வீட்டுக் கட்டடத்தின் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. டெல்பின் தன் கையை வைத்துப் பார்த்தாள், அவளுக்கும் திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்தோம். என் கோட்டைக் கழற்றி இரண்டு பேரையும் மூடினேன்.

"அஜின்ட்ட சொல்லாதக்கா," என்றாள் அவள். "படிக்குப் போனத."

"சத்தியமா சொல்ல மாட்டேன். நீ ஊருக்கு வந்து டாக்டர்ட்ட வருவியா?"

"வருதேன்."

"எஞ்சத்தியமா?"

"ஒஞ்சத்தியமா."

அஜினை வேலையிடத்திலிருந்தே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டு நாள் ஒரு அறையில் வைத்து, பிறகு விமான நிலையம். ஆறு வருஷம் அந்தக் கிடங்கில் விறைத்துச் சம்பாதித்த எல்லாம் போயிற்று அவனுக்கு. பெட்டிகளை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"பச்சையா இருந்துதே மைனி. எல்லாம் சரியாத்தானே போயிட்டிருந்துது. ஒரு பத்து நிமிசம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

என்ன சொல்ல? சத்தியம் செய்திருந்தேன். பெட்டியை ஒரு அடி முன்னால் தள்ளினேன்.

மேசையில் துவாரகாதான். ஒரு கத்தரி மாதிரி இருந்த கருவியால் என் வளையத்தை வெட்டினாள். வெட்டியதைத் திரையருகில் வைத்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"இனி இந்த நாட்டுக்கு உங்களுக்கு விசா இல்லை. ஒரு நாளும் இல்லை," என்றாள். "நான் ஒண்டு கேக்கவோ? இது விசாரணைக்கு இல்லை. எனக்குத் தெரியோணும். நிறைய நாள் மிச்சம் இருந்தது. எல்லாம் ஒரே மூச்சில போயிருக்கு. துறைமுகத்தில மூட்டை தூக்கிறவைக்குக்கூட இப்பிடி ஏறி நான் கண்டதில்லை. அண்டைக்கு நீங்கள் அப்பிடி என்ன வேலை செய்தனீங்கள்?"

பின்னால் அஜின் நின்றான். அவன் காதில் விழும்.

"வேல ஒண்ணும் செய்யல்ல," என்றேன். "தங்கச்சியத் திட்டினேன்."

அஜின் தூவென்று எங்கோ பார்த்துத் துப்புகிற மாதிரி மூச்சு விட்டான். இனி ஆயுசுக்கும் என்னோடு பேச மாட்டான், அது எனக்குத் தெரிந்துவிட்டது. துவாரகா என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த டெல்பினைப் பார்த்தாள். துவாரகா அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போங்கோ," என்றாள், சத்தம் இல்லாமல்.

சோதனை வாசலில் பிள்ளையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். நான் வழக்கம்போலத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் இரண்டு கையையும் நீட்டினேன்.

டெல்பின் தரவில்லை. பிள்ளையைத் தோளில் சாய்த்து, தொப்பியை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டாள்.

"நீ நட, நான் எடுத்துக்கிடுதேன்," என்றாள்.